தங்கத்துக்குக் குளிருமாம்

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் பிரேக்கம்மா. பயிற்சிக் காரில் கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை வேளையறிந்து மிதிப்பதுதான் அவளுடைய வேலை. எதிரே லாரி வந்தாலும் சரி, பயந்துபோனவர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாலும் சரி, அவள் குரல் ஒரு இம்மி உயராது. "ஒண்ணும் ஆகல. கிளச்சை மிதிங்க. மறுபடி எடுங்க" என்பாள். பயிற்சிப் பள்ளி முதலாளி அடிக்கடி கேட்பார்: "உங்களுக்குக் கோபமே வராதாம்மா?"

வராமல் என்ன? வந்தது. சாலையில் வந்ததை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். வீட்டில் இறக்கி வைக்க இடம் கிடைக்காமல், அங்கே புதிதாகக் கிடைத்ததையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு மறுநாள் காருக்கே திரும்ப வந்தாள். அவ்வளவுதான்.

அவள் கணவர் குடிநீர் வாரியத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் தண்ணீர் விட்ட மனிதர், வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரைத் தானாக எடுத்துக் குடித்ததில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து "தண்ணி" என்பார். யாரிடம் என்று சொல்ல மாட்டார். வீட்டில் தண்ணீர் கொண்டுவரக்கூடிய ஆள் ஒருத்திதான் என்பதால் பெயர் சொல்லத் தேவை இருக்கவில்லை. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் அவளைக் கூப்பிட்டதெல்லாம் "இந்தா", "ஏய்", "எங்க போன" என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும்.

ஓய்வு பெற்ற புதிதில் டிவி முன்னால் உட்கார்ந்து நாட்டை நிர்வாகம் செய்தார். அது அலுத்ததும் ஒருநாள் போனில் எவனோ ஒரு தாடிக்காரன் ரொட்டி அறுப்பதைப் பார்த்துவிட்டார். கத்தி இறங்கும்போது மேல்தோல் 'மொறுக்' என்று உடைந்தது. உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டைகள், ஓட்டைகளுக்கு நடுவே அத்திப்பழத் துண்டுகள். அந்த ஒரு 'மொறுக்'கில் மனிதர் விழுந்துவிட்டார்.

கடையில் விற்கும் ஈஸ்ட்டைத் தொடவே மாட்டாராம். மாவையும் தண்ணீரையும் கலந்து ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி, தானாகப் புளித்துப் பொங்கும்வரை காத்திருப்பார். அதற்குத் தாய்மாவு என்று பெயர். அதில் கொஞ்சம் எடுத்துத்தான் ரொட்டி மாவைப் பிசைய வேண்டும். மிச்சத்துக்குத் தினமும் புது மாவும் தண்ணீரும் கொடுத்து உயிரோடு வைத்திருக்க வேண்டும். எவ்வளவு பொங்கியிருக்கிறது என்று பார்க்க ஜாடியின் வயிற்றில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டியிருந்தார். எழுந்ததும் முதல் வேலையாக அதைத்தான் போய்ப் பார்ப்பார்.

அப்படி ஒரு காலை, அவள் படுக்கையறையில் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"தங்கம், எழுந்துட்டியாடா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

சீப்பு அப்படியே நின்றது. அந்தக் குரலில் அந்த மனிதர் பேசி அவள் கேட்டதில்லை. ஐம்பத்தைந்து வயதில் வெட்கம்கூட வந்தது. "ம்... எழுந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே சமையலறை வாசலுக்கு வந்தாள்.

அவர் ஜாடியைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உன்னை இல்ல. இவளைச் சொன்னேன். ராத்திரி என்னமா பொங்கியிருக்கா பாரு" என்றார்.

அவள் பார்த்தாள். மாவில் குமிழி குமிழியாக இருந்தது. "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்த் தலையை வாரி முடித்தாள். அன்று ஒரு கல்லூரிப் பெண் மூன்று தடவை காரை நடைபாதையில் ஏற்றினாள். பிரேக்கம்மா மூன்று தடவையும் "ஒண்ணும் ஆகல" என்றாள்.

அதன்பின் சமையலறை அவளுடையதாக இல்லை. ஆனால் அதன் வேலை மட்டும் அவளுடையதாகவே இருந்தது. ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் பிசைந்த மாவு உறங்கும், அங்கே குழம்புப் பாத்திரம் வைக்கக் கூடாது. அலமாரியில் ஊறவைத்த உலர்திராட்சை, அடுப்பு மேடையில் சீவிய ஆரஞ்சுத் தோல், ஜன்னல் விளிம்பில் காயும் ஆப்பிள் வில்லைகள். பிளம்ஸ் சாறு மேடைக் கல்லில் ஊதாவாக இறங்கி, என்ன தேய்த்தும் போகவில்லை. பழத்தில் இருக்கும் தண்ணீர் மாவை இளக்கிவிடும் என்று அவர் எதிர்பார்க்காததால், முதல் ஐந்தாறு ரொட்டிகள் சாணி தட்டியதுபோல் பரந்து போயின. பழச் சர்க்கரை அடியில் கருகி இரும்புப் பாத்திரத்தில் தார்போலப் பிடித்தது. அதைச் சுரண்டியவள் அவள். சிங்க்கில் ஒட்டிக் காய்ந்த மாவு சிமெண்டாக இறுகியது. அதைப் பெயர்த்தவளும் அவள்தான்.

"பாத்திரத்தைக் கொஞ்சம் கழுவி வெச்சுடுங்களேன்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"மாவை மடிச்சு விடற நேரம் இது. இப்ப விட்டா போச்சு. உனக்கு இதோட நுணுக்கம் புரியாது."

எஞ்சினியர் அல்லவா, விடாமல் பிடித்தார். தண்ணீரைக் குறைத்தார், பழத்தை வடிகட்டித் துணியில் ஒற்றினார், கடைசி மடிப்பில்தான் சேர்த்தார். ஒருநாள் ரொட்டி குண்டாக, தங்க நிறத்தில், நெற்றியில் கீறிய கீறல் பூவாக விரிந்து வந்தது. அத்திப்பழமும் ஆரஞ்சும் மணத்தது. ஒரு துண்டு வாயில் போட்டாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கேவலமாக இருந்திருந்தால் மனசுக்குள் சிரித்துக்கொண்டாவது பாத்திரம் தேய்த்திருக்கலாம்.

அப்புறம் ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. கீழ்வீட்டு டியூஷன் டீச்சர் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "நீங்க குடுத்து வெச்சவங்க. எங்க வீட்டுக்காரர் சமையல்கட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டார்" என்றார். வேறு ஊரில் வேலையாயிருக்கும் மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, "அப்பா, யூ ஆர் கிரேட்! உங்க மாப்பிள்ளைகிட்ட காட்டறேன் இருங்க" என்று கூவினாள். அந்த மகளுக்குப் பள்ளிக்கூட நாட்களில் விடியற்காலையில் எழுந்து மூன்று டப்பா கட்டிக் கொடுத்த கை, போனைப் பிடித்துக்கொண்டு காமிரா ஆடாமல் பார்த்துக்கொண்டது.

முப்பது வருஷம். சரியாக வேகாத ஒரு நாளைச் சொல்லிக் காட்டியவர்கள் உண்டு. வெந்த நாளைச் சொன்னவர் யாராவது உண்டா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். இல்லை. இவர் வாரத்துக்கு ஒரு ரொட்டி சுட்டார், உலகம் கை தட்டியது. பூனைக்கு விளையாட்டு, எலிக்கு உயிர் போகிற கதைதான்.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் காரின் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்து எதுவும் தெரியாமல், ஜன்னலை இறக்கிவிட்டு வகுப்பு எடுத்தாள். மழையெல்லாம் அவள் பக்கம் அடித்தது. மறுநாள் காய்ச்சல். மதியத்துக்குள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டு போர்வைக்குள் சுருண்டும் பல் கிட்டிக்கொண்டு வந்தது.

அவர் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "மாத்திரை போட்டியா?"

"போட்டேன். குளிர் தாங்கலங்க. அந்த வெந்நீர்ப் பை அலமாரில கீழ்த்தட்டுல இருக்கும். கொஞ்சம் சுடுதண்ணி ஊத்திக் குடுங்க."

போனார். அலமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தார்.

"காணோமே. எங்கயாவது தூக்கி வெச்சிருப்ப."

"நல்லாப் பாருங்க..."

"பார்த்துட்டேன். இருந்தா கண்ணுல படாதா? நீ பேசாம தூங்கு, சரியாயிடும்."

"கொஞ்சம் கஞ்சியாவது..."

"எழுந்ததும் பார்த்துக்கலாம்."

அவர் சமையலறையில் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டுக்கொண்டிருந்தது. அவள் எழுந்து, பீரோவிலிருந்து அவருடைய பழைய கம்பளிக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி போர்வைக்குள் புகுந்தாள். நல்ல பையை எங்கேயோ தொலைத்துவிட்டேனே, நாளாக ஆக எனக்கு மறதி அதிகமாகிறதே என்று அந்த நடுக்கத்திலும் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

காய்ச்சல் விட்டதும் தேடிப் பார்த்தாள். பை வைத்த இடத்தில், கீழ்த்தட்டில்தான் இருந்தது. கண்ணுக்கு எதிரில் இருப்பது தெரியாத ஆள் என்று அலுத்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கத்தில் அவருக்கு ஒரு வகுப்பு ஏற்பாடாகியிருந்தது. 'வீட்டிலேயே பழ ரொட்டி' என்று கீழ்த்தளக் கூடத்துக் கதவில் தாள் ஒட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. அவர் இதற்கென்றே வாங்கிய கறுப்பு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் நின்றார். மேசையில் மூன்று ரொட்டிகள், மாவுப் பாத்திரம், நட்டநடுவே ஜாடி. அத்தனையையும் மூன்று நடையாக மாடியிலிருந்து இறக்கியவள் அவள். காய்ச்சல் விட்ட உடம்பு இன்னும் தேறவில்லை, படியில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அத்தனை பேருக்கும் தேநீர் போட்டதும் அவள்தான். "அதெல்லாம் இவ பார்த்துப்பா" என்று அவர் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

சங்கச் செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நம்ம எஞ்சினியர் சாரைப் பார்த்து நம்ம வீட்டு ஆம்பளைங்க எல்லாம் கத்துக்கணும்" என்றார். கைதட்டல் கூரையைத் தொட்டது. அவள் கடைசி வரிசைக்குப் பின்னால் தேநீர்த் தட்டோடு நின்றாள்.

அவர் நன்றாகவே பேசினார். மாவை மடித்துக் காட்டினார், பழத்தை எப்போது சேர்ப்பது என்று சொன்னார். நடுவில், "லேடீஸ் தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க அவசரத்துல சமைக்கறீங்க. இது அப்படி இல்ல. இதுக்குப் பாசம் வேணும், பொறுமை வேணும்" என்றார். சிலர் சிரித்தார்கள். அவள் தட்டை இறுக்கிப் பிடித்தாள்.

முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்: "குளிர் நாள்ல மாவு எழும்பவே மாட்டேங்குதே சார்?"

"நல்ல கேள்வி!" அவர் முகம் மலர்ந்தது. "அதுக்கு ஒரு வழி இருக்கு. வெந்நீர்ப் பை இருக்கில்ல? அதுல சுடுதண்ணி ஊத்தி, துண்டுல சுத்தி, ஜாடி பக்கத்துல அணைச்சு வெச்சுடுங்க. போன வாரம் மழைல அப்படித்தான் சாயங்காலம் வரைக்கும் வெச்சிருந்தேன். என்ன இருந்தாலும் உயிர் இல்லையா? தங்கத்துக்கும் குளிரும்ல!"

கூடம் கொல்லென்று சிரித்தது.

அவளுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அந்தப் பை. அந்த மழை. அலமாரி திறந்து மூடிய சத்தம். ஒவ்வொன்றாக வந்து ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தது.

"என்னிக்குங்க?" என்றாள், காரில் பேசுகிற அதே குரலில்.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பின்வரிசையைத் தேடினார். "யாரு? நீயா? என்ன கேட்ட?"

"பையை ஜாடிக்கு வெச்சது என்னிக்கு?"

"அதான் சொன்னேனே, போன வாரம், மழை..." வார்த்தை பாதியில் நின்றது. முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே மறந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான் காய்ச்சல்ல பல்லு கிட்டிப் போய்க் கிடந்த அன்னிக்கா?"

"அது... வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"காணோம்னு சொன்னீங்களே."

"இந்தா, எல்லாரும் இருக்காங்க..."

"காணோம்னு சொன்னீங்களே!"

அப்படி ஒரு சத்தம் தன் தொண்டைக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது. தட்டு கையிலிருந்து நழுவி, டம்ளர்கள் தரையில் சிதறி உருண்டன. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

"கேட்டேனே உங்ககிட்ட! குளிர் தாங்கலன்னு கேட்டேனே! பைக்குள்ள தண்ணியை ஊத்தி மாவுக்கு வெச்சுட்டு, என்கிட்ட வந்து 'எங்கயாவது தூக்கி வெச்சிருப்ப'னு சொன்னீங்க. நானும் என் மறதியைத் திட்டிக்கிட்டுக் கிடந்தேன். உங்க கோட்டைப் போட்டுக்கிட்டு நடுங்கிக்கிட்டுக் கிடந்தேன். ஒரு வாய் கஞ்சி கேட்டேன். அந்த மாவுக்குப் பாட்டுப் பாடிக்கிட்டிருந்தீங்க! பாசம் வேணுமாம், பாசம்! பொறுமை வேணுமாம்!"

செயலாளர் எழுந்து வந்தார். "அம்மா, அம்மா... சார் ஏதோ நினைவில்லாம பண்ணிட்டார். பெரிய மனுஷர். நாலு பேர் முன்னால இப்படி..."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "நாலு பேர் முன்னாலதானே கை தட்டினீங்க? கை தட்ட மட்டும் நாலு பேர் வேணும், கேள்வி கேட்டா வீட்டுக்குள்ள போய்க் கேக்கணுமா?"

செயலாளர் இருந்த இடத்துக்கே திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

"நல்லாக் கேட்டுக்கங்க" என்று கணவரிடம் சொன்னாள். இப்போது குரல் இறங்கியிருந்தது. "இன்னியிலிருந்து சமையல்கட்டு உங்களுது. ரொட்டி மட்டும் இல்ல. மூணு வேளையும். வாங்கறது, நறுக்கறது, கழுவறது, நாளைக்கு என்ன பண்றதுன்னு இன்னிக்கே மண்டையைக் குடையறது, எல்லாம். நான் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்க மாட்டேன்."

அவள் படியேறினாள். பின்னாலேயே யாரோ ஓடி வந்து கையைப் பிடித்தார்கள். டியூஷன் டீச்சர். திட்டப் போகிறார் என்று நினைத்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு மீன் தொட்டி" என்றார் டீச்சர் மூச்சு வாங்க. "அதுல ஒரு மீன் செத்ததுக்கு ரெண்டு நாள் சாப்பிடல. எங்கம்மா போனப்ப மனுஷர் மேட்ச் பார்த்துக்கிட்டிருந்தார்."

இரண்டு பெண்களும் படித் திருப்பத்தில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் மூன்றாவது மாடிவரை கூடவே வந்து விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

இரண்டு நாளில் தணிந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஒன்றும் பேசாமல் ரொட்டியையே அறுத்துத் தின்றுகொண்டிருந்தார். அவள் பயிற்சிப் பள்ளிக்கு எதிரேயிருந்த கடையில் சாப்பிட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்தால் நேராகக் கூடம், கூடத்திலிருந்து படுக்கையறை. சிங்க்கில் பாத்திரம் மலையாக ஏறியது. அதுதான் அவளுக்கு ஆகப் பெரிய சோதனையாக இருந்தது. கை தானாக அந்தப் பக்கம் போகும், ஊறும். ஒரு தடவை குழாயைத் திறந்தே விட்டாள். பிறகு, 'எழுந்ததும் பார்த்துக்கலாம்' என்ற குரல் காதில் கேட்டது. மூடினாள்.

பழத் தோல்களில் கொசுபோல் பூச்சி மொய்க்க ஆரம்பித்ததும் அவர் கையில் பிரஷ்ஷை எடுத்தார். ரொட்டி தீர்ந்ததும் அடுப்பைப் பற்றவைத்தார். அடி பிடித்தது, உப்புக் கரித்தது, காய் வேகாமல் பல்லில் நறநறத்தது. ஒருநாள் ஏதோ காய்க்கூட்டைச் செய்து, போனில் படமெடுத்து, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் மட்டும் ஒரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். வேறு யாரும் மூச்சு விடவில்லை. வெந்த காய்க்கு யார் கை தட்டுகிறார்கள்?

அந்தக் களேபரத்தில் ஜாடியைக் கவனிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. மேலே சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்து நாற்றமடித்ததும் குப்பையில் கொட்டினார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அவளுக்குப் பாவமாக இருக்கவில்லை. இருக்க வேண்டுமோ என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். அப்போதும் இல்லை.

அந்த வாரம் மகள் கூப்பிட்டாள்.

"என்னம்மா இது சின்னப் புள்ளைத்தனமா? அப்பாவைப் பாத்தியா? பாதியா இளைச்சுட்டார். அப்பா பாவம்மா."

பிரேக்கம்மா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு மறுபடி காதில் வைத்தாள்.

"நீ பொறந்ததுலேர்ந்து என்னைப் பார்த்துக்கிட்டிருக்க இல்லையா?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"என்னிக்காவது ஒருநாள் யார்கிட்டயாவது 'அம்மா பாவம்'னு சொல்லியிருக்கியா?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"உன் அப்பா இருபது நாள் அடுப்புல நின்னதுக்கு உனக்கு வயிறு எரியுது. நான் முப்பது வருஷம் நின்னது உனக்குத் தெரியவே இல்லை. சுவர் மாதிரி, குழாய் மாதிரி, நான் அங்க இருந்தேன். அவ்வளவுதான். உன் அப்பா மேல எனக்கு இருக்கற கோபத்தை விட உன் மேலதான்டி கோபம் ஜாஸ்தி. நீ பொம்பளை. உனக்காவது தெரிஞ்சிருக்கணும்."

"அம்மா..."

"அழாதே. அழுதா நான் சமாதானம் சொல்லுவேன்னு பார்க்காதே. இன்னிக்குச் சொல்ல மாட்டேன்."

வைத்துவிட்டாள். வைத்த கையோடு உட்கார்ந்து, ஓசையில்லாமல், உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். மகள் பிறகு கூப்பிட்டாள். அன்று இவள் எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தாள். மகள் முதல் கேள்வியாக, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள். நேற்றுப் பேசியதற்காகத்தான் கேட்கிறாள் என்பது புரிந்தது. இருந்தாலும், "சாப்பிட்டேன்" என்று பதில் சொன்னாள்.

நாட்கள் போயின. கருகுவது குறைந்தது. அவள் கடையில் சாப்பிடுவதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து அவர் சமைத்ததைச் சாப்பிட ஆரம்பித்தாள். அவர் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்ப்பார். அவள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பாள்.

ஒரு மாலை அவரால் பொறுக்க முடியவில்லை. கரண்டியை மேடையில் 'டொக்'கென்று வைத்தார். "நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கேட்ட கேள்வி அவர் காதிலேயே போய் விழுந்திருக்க வேண்டும். முகம் சிவந்து, வேறு பக்கம் திரும்பிக்கொண்டு பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, "அந்தப் பை விஷயம்... நான் பண்ணினது கேவலம்" என்றார். "எடுத்துக் குடுத்தா மாவு போயிடும்னு நினைச்சேன். உனக்குச் சாதாரணக் காய்ச்சல்தானேன்னு நினைச்சேன்."

"ம்" என்றாள்.

"இன்னும் கோபமா?"

"ஆமா."

"எவ்வளவு நாளைக்கு?"

"தெரியல. கொஞ்ச நாள்லயா சேர்ந்தது, கொஞ்ச நாள்ல தீர?"

அவர் தலையை ஆட்டினார். வாதாடவில்லை. வாதாடாமல் இருந்ததற்காக அவள் கோபம் தணிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் அன்று, சாப்பிட்ட தட்டை அவள் மேசையிலேயே விட்டுவிட்டுப் போகவில்லை. கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள்.

மறுநாள் காலை அவள் வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"சாயங்காலத்துக்கு என்ன பண்ணட்டும்? உனக்கு என்ன பிடிக்கும்?"

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மகளுக்கு எது பிடிக்கும், மாப்பிள்ளைக்கு எது ஆகாது, செத்துப்போன மாமனார் எதை எப்படிக் கேட்பார் என்றெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். தனக்கு என்ன பிடிக்கும்? ஒரு காலில் ஷூவைப் பாதி மாட்டியபடி அவள் உட்கார்ந்திருந்தாள். கோபம் புதிதாகக் கிளம்பி வந்தது. இந்த ஒரு கேள்வியைக் கேட்க இந்த மனிதருக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. தன்னைத்தானே கேட்டுக்கொள்ள அவளுக்கும்தான்.

கல்யாணமான புதிதில் அவருக்கு வயிற்றுப் புண் வந்தது. டாக்டர் காரத்தைக் குறைக்கச் சொன்னார். அன்று போன மிளகாய் அந்த வீட்டுக்குத் திரும்பி வரவே இல்லை. அதற்கு முன்பு அவள் எப்படிச் சாப்பிடுவாள்! அண்ணன் தம்பிகளோடு பந்தயம் கட்டி, மூக்கு ஒழுக ஒழுக, கண்ணைத் துடைத்துக்கொண்டு, போதும் என்று சொல்லாமல்.

"காரமா" என்றாள்.

"என்ன?"

"காரமாப் பண்ணுங்க. கண்ணுல தண்ணி கொட்டற மாதிரி."

"எனக்கு வயிறு..." என்று ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் அதை விழுங்கிக்கொண்டார். "சரி. எனக்குத் தனியா எடுத்து வெச்சுட்டு உனக்குப் போடறேன். மிளகாய் எவ்வளவு போடணும்?"

"போட்டுப் பாருங்க. பத்தலைன்னா சொல்றேன்."

ஷூவின் கயிற்றை இறுக்கி முடிந்துகொண்டு எழுந்தாள். அவருக்கு நல்ல மிளகாய் பார்த்து வாங்கத் தெரியாது என்பது பாதிப் படி இறங்கியதும்தான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று நின்றாள். தெரியாவிட்டால் கடைக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று இறங்கிப் போனாள்.